மதுரை வெயிலில் ஓவர்கிளாக்கிங்: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

கணினியில் கணக்குகளைச் செய்யும் மூளையான புராசசரை, அதன் தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் ஓடவைப்பதற்கு ஓவர்கிளாக்கிங் என்று பெயர். சொல்வதற்கு ஒரு வரிதான் என்றாலும், வோல்டேஜ், வெப்பம், மின்விநியோகம், அறையின் காற்றோட்டம், ஆண்டில் இது எந்த மாதம் என்ற கேள்வி ஆகிய அனைத்தும் அந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கின்றன. குளிர்நாடுகளில் இருப்பவர்கள் தரும் வழிகாட்டுதல்கள் 20 அல்லது 22 டிகிரி அறையை மனத்தில் வைத்துச் சொல்லப்படுபவை. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் கணினியை வைத்திருக்கும் மதுரைக்காரர் அந்த எண்களை அப்படியே எடுத்துக்கொண்டால், அவை மார்கழியில் பொருந்தலாம், சித்திரையில் பொருந்தா. முதன்முறையாக இதை முயல நினைக்கும் ஒருவர், நம் ஊர் வெயிலையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு எப்படித் தொடங்குவது என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

செல்லூர்ப் பகுதியில் தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவர்களுக்கு இதன் அடிப்படையைப் புரியவைப்பது எளிது. தறியில் பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிந்து வழிவிடும் சிறுபொழுதுக்குள், ஊடை நூலைச் சுமந்த நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். விசைத்தறியின் வேகத்தைக் கூட்டினால் துணி விரைவாக வளரும் என்பது உண்மைதான். ஆனால் நாடா போய்ச் சேர்வதற்குள் பாவு மூடிக்கொண்டால், நாடா நடுவில் சிக்கி, நூல்கள் கொத்தாக அறுந்துபோகும். புராசசருக்குள் நடப்பதும் இதுவே. ஒரு கடிகாரத் துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில், மின்சமிக்ஞை வரிசையாக அமைந்த டிரான்சிஸ்டர்களைக் கடந்து மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும். 4 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு நொடிக்கு 400 கோடித் துடிப்புகள். ஒரு துடிப்புக்குக் கிடைக்கும் நேரத்தில் ஒளியாலேயே ஏழரை சென்டிமீட்டர்தான் போக முடியும். துடிப்பை இன்னும் விரைவாக்கினால் சமிக்ஞைக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறையும்; அது சேராமல் போனால் கணக்கின் விடை தவறும், கணினி உறைந்து நிற்கும் அல்லது பிழையை அறிவிக்கும் நீலத் திரை வரும். நாடா விரைந்து சேர வேண்டுமானால் அதை இன்னும் பலமாக அடித்து அனுப்ப வேண்டும் அல்லவா? புராசசரில் அந்த அடியின் பலம்தான் வோல்டேஜ். பலமாக அடிக்க அடிக்கத் தறியின் பாகங்கள் தேய்வதைப் போலவே, வோல்டேஜ் கூடக் கூட வெப்பமும் கூடுகிறது, புராசசருக்குள் இருக்கும் நுண்ணிய உலோக இழைகளின் அணுக்களை மின்னோட்டம் சிறிது சிறிதாக இடம்பெயர்க்கும் தேய்மானமும் விரைவாகிறது.

வேகம் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பது கடினமானதல்ல. கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டு தரும் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதைப் புராசசர் தன்னிடமுள்ள பெருக்கியால் பெருக்கிக்கொள்கிறது. பெருக்கி 42 என்றால் வேகம் 4200 மெகாஹெர்ட்ஸ், அதாவது 4.2 கிகாஹெர்ட்ஸ். முன்பெல்லாம் அடிப்படைத் துடிப்பையே மாற்றுவார்கள். 1998-இல் வெளிவந்த செலரான் 300ஏ என்ற புராசசரின் பெருக்கி 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் துடிப்பை 100 ஆக்கியதும் 300 மெகாஹெர்ட்ஸ் புராசசர் 450-இல் ஓடியது. இன்று அடிப்படைத் துடிப்பைத் தொட்டால் சேமிப்பகம் முதலான மற்றப் பாகங்களும் தடுமாறும் என்பதால், தொடக்கநிலையில் இருப்பவர் பெருக்கியை மட்டும் மாற்றுவதே முறை.

அந்தப் பெருக்கியும் எல்லாப் புராசசர்களிலும் திறந்திருப்பதில்லை. இன்டெல் நிறுவனத்தின் புராசசர்களில் பெயரின் இறுதியில் கே என்ற எழுத்து இருக்க வேண்டும், மதர்போர்டு இசட் வகையாக இருக்க வேண்டும். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் வரிசையில் பெரும்பாலானவை திறந்தவை. ஆனால் ஏ320, ஏ520 போன்ற ஏ வகை மதர்போர்டுகள் அதை அனுமதிக்காது, பி அல்லது எக்ஸ் வகை வேண்டும். லேப்டாப்பில் இதை முயலவே வேண்டாம். அந்த மெல்லிய கூட்டுக்குள் கூடுதல் வெப்பம் வெளியேற இடமில்லை.

இப்போது வெப்பத்துக்கு வருவோம். ஓவர்கிளாக்கிங்கின் உயிர்நிலை இதுதான். புராசசர் வேலை செய்யும்போது செலவழிக்கும் மின்சாரம் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 4.0 கிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்ட்டில் ஓடும் ஒரு புராசசரை 4.4 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். வேகம் 10 சதவீதம் கூடியிருக்கிறது. 1.35-ஐ 1.20-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, பிறகு 1.1-ஆல் பெருக்கிப் பாருங்கள். விடை ஏறத்தாழ 1.39. பத்து சதவீத வேகத்துக்கு 39 சதவீதம் கூடுதல் மின்சாரம், அவ்வளவும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும். 40 நிமிடம் பிடிக்கும் ஒரு காணொளி ஏற்றுமதி 36 நிமிடத்தில் முடியும் என்பதே இதனால் கிடைக்கும் பலன். அன்றாடம் காணொளி தொகுப்பவர்களுக்கும் முப்பரிமாணப் படங்களை உருவாக்குபவர்களுக்கும் அந்த நான்கு நிமிடம் பெரியது. உலாவியில் செய்தி படிப்பவருக்கு எந்த வேறுபாடும் தெரியாது. உங்கள் வேலை எது என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

அந்த வெப்பம் எங்கே போகிறது? கூலர் அதைப் புராசசரிலிருந்து எடுத்து அறையின் காற்றில் விடுகிறது. காற்றால் குளிர்விப்பதாக இருந்தாலும் தண்ணீரால் குளிர்விப்பதாக இருந்தாலும், அறையின் வெப்பத்துக்குக் கீழே அதனால் போக முடியாது. அறையைவிட இத்தனை டிகிரி மேலே என்றுதான் அது புராசசரை நிறுத்தி வைக்கும். ஆகவே அறை 12 டிகிரி சூடானால் புராசசரும் குறைந்தது 12 டிகிரி சூடாகும். மதுரையில் அக்னி நட்சத்திர நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தொடுவது புதிதல்ல. பகலெல்லாம் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் இரவு பத்து மணி வரை அந்தச் சூட்டை அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். என்னிடம் இருப்பது 2019-இல் வெளிவந்த ரைசன் 5 3600. அதன் அடிப்படை வேகம் 3.6 கிகாஹெர்ட்ஸ், உச்ச வேகம் 4.2, வெப்ப வரம்பு 95 டிகிரி. அதில் தனித்தனியே கணக்கிடும் பகுதிகளான ஆறு கோர்களும் ஒரே நேரத்தில் 4.2-இல் ஓடும்படி ஒரு மார்கழி இரவில் 1.30 வோல்ட் கொடுத்து அமைத்தேன். அறை 26 டிகிரி. அரைமணி நேரச் சோதனையில் புராசசர் 78 டிகிரியைத் தாண்டவில்லை. ஒரு பிழையும் இல்லை. நான்கு மாதம் நிறைவாக ஓடியது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கியதைப் படம்பிடித்து வந்து, மறுநாள் பிற்பகல் அதைத் தொகுத்து ஏற்றுமதிக்குக் கொடுத்திருந்தேன். சுவரில் தொங்கிய வெப்பமானி 38 காட்டியது. ஏற்றுமதி பாதியைத் தாண்டியதும் திரை நீலமாகி நின்றது. மீண்டும் இயக்கியபோது தொகுப்புக் கோப்பே திறக்கவில்லை. எழுதப்பட்டுக்கொண்டிருந்த வேளையில் அது சிதைந்துபோயிருந்தது. புராசசர் எரியவில்லை, வெப்ப வரம்பையும் தொடவில்லை. டிரான்சிஸ்டர்கள் சூடாகும்போது சற்று மெதுவாகின்றன. 78 டிகிரியில் போதுமாக இருந்த அதே 1.30 வோல்ட் 91 டிகிரியில் போதவில்லை, அவ்வளவுதான். புராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் ஏற்பாடுகள் இன்று மிக நன்றாக இருக்கின்றன. நம் கோப்புகளைக் காப்பாற்றும் பொறுப்பு மட்டும் நம்மிடமே இருக்கிறது. ஆகையால் முதல் மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே, முக்கியமான கோப்புகளையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் நகலெடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.

அடுத்து, கணினி இருக்கும் இடத்தைப் பாருங்கள். நம் வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் மேஜைகள் பலவற்றில் கேபினெட்டை நுழைத்து வைப்பதற்கென்று மூன்று பக்கமும் பலகை அடைத்த ஓர் அறை இருக்கிறது. பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும். ஆனால் பின்புற விசிறி வெளியே தள்ளிய சூடான காற்று சுவரில் பட்டுத் திரும்பி முன்பக்கமாக மீண்டும் உள்ளே போகும். கேபினெட்டை அதிலிருந்து வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தரையில் அல்லாமல் ஒரு சிறிய முக்காலியின் மேல் வையுங்கள். முன்பக்க வலையில் படிந்திருக்கும் தூசியைத் தட்டுங்கள். செலவே இல்லாத இந்த வேலைகள்தாம் பல வீடுகளில் புதிய கூலரைவிட அதிகப் பலன் தரும் என்பது என் கருத்து.

மூன்று நான்கு ஆண்டுகள் ஓடிய கணினியாக இருந்தால், புராசசரிலிருந்து கூலருக்கு வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிடுவது நல்லது. என் கணினியில் கூலரைக் கழற்றியபோது, அடியில் இருந்த பேஸ்ட் நெற்றியில் காய்ந்த சந்தனத்தைப் போல வெடித்துப் பொருக்காகியிருந்தது; விரல் பட்டதும் உதிர்ந்தது. ரைசன் 5000 வரிசை வரை பயன்பட்ட ஏஎம்4 சாக்கெட்டில் (புராசசர் பொருந்தும் இடம்), அடியில் ஊசிகள் உள்ள புராசசரின் மேலிருக்கும் கூலரை நேராகப் பிடுங்கினால், காய்ந்த பேஸ்ட் புராசசரையும் பற்றிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து இழுத்து வந்துவிடும், ஊசிகள் வளைந்துபோகும். ஆகவே சிறிது நேரம் கணினியை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, மின்இணைப்பைத் துண்டித்த பிறகு, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகிக்கொண்டே தூக்க வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, புதியதை நடுவில் ஒரு பட்டாணி அளவுக்கு வைத்தால் போதும்; கூலரின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். புராசசரோடு பெட்டியில் வரும் சிறிய கூலரை நம்பி ஓவர்கிளாக் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். செப்புக் குழாய்கள் கொண்ட உயரமான டவர் கூலர் ஒன்று வேண்டும்.

மின்விநியோகத்தில் சில செய்திகள் உண்டு. கணினியின் பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்களில், விலை மலிவானவற்றின் மேலே அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை அவை உண்மையில் தாங்குவதில்லை. சான்றிதழ் பெற்ற, தேவையைவிடச் சற்றுக் கூடுதல் திறனுள்ள எஸ்எம்பிஎஸ் இருக்கட்டும். வீடுகளில் பரவலாக உள்ள 600 விஏ யுபிஎஸ் ஏறத்தாழ 360 வாட் வரைதான் தாங்கும். கிராபிக்ஸ் கார்டும் ஓவர்கிளாக் செய்த புராசசரும் ஒருசேர உழைக்கும்போது மின்சாரம் போனால், அது கைகொடுக்காமல் சட்டென்று அணைந்துவிடக்கூடும். வீட்டு இன்வெர்ட்டரில் கணினியை இணைத்திருப்பவர்கள் அதிலுள்ள பொத்தான் யுபிஎஸ் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மாறும் நேரம் அதிகமாவதால் கணினி மறுதொடக்கமாகிவிடும். கேபினெட்டைத் தொட்டால் சுரீரென்று இருக்குமானால் எர்த் சரியில்லை என்று பொருள். எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்யும் வரை வேறு எதையும் தொட வேண்டாம்.

இவ்வளவும் ஆன பிறகே, மதர்போர்டின் அமைப்புகளை மாற்றும் இடமான பயாஸுக்குள் போக வேண்டும். அதற்கும் முன்னால், எதையும் மாற்றாத நிலையில் கணினி எப்படி இருக்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெப்பத்தையும் வோல்டேஜையும் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, புராசசரைக் கடுமையாக உழைக்கவைத்து மதிப்பெண் தரும் சினிபெஞ்ச் என்ற மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மதிப்பெண், உச்ச வெப்பம், அறையின் வெப்பம் மூன்றையும் ஒரு நோட்டில் குறியுங்கள். அறையின் வெப்பத்தைக் குறிக்காத கணக்குக்கு நம் ஊரில் மதிப்பில்லை.

கணினி தொடங்கும்போது டெலிட் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் பெரும்பாலான மதர்போர்டுகளில் பயாஸ் திறக்கும். வோல்டேஜை முதலில் தானியங்கி நிலையிலிருந்து எடுத்துவிட்டு ஒரு குறிப்பிட்ட எண்ணில் நிறுத்துங்கள். இதை வலியுறுத்திச் சொல்கிறேன். தானியங்கி நிலையில் விட்டுவிட்டுப் பெருக்கியை மட்டும் ஏற்றினால், கணினி எப்படியாவது ஓட வேண்டும் என்பதற்காக மதர்போர்டு தேவைக்கு மிஞ்சிய வோல்டேஜைத் தானாகவே கொடுத்துவிடும், அது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. பிறகு பெருக்கியில் ஒன்றே ஒன்று கூட்டுங்கள். அது 100 மெகாஹெர்ட்ஸ். சேமித்துவிட்டு விண்டோஸுக்குள் வந்து, சினிபெஞ்சை மறுபடி பத்து நிமிடம் ஓடவிடுங்கள். பிழையின்றி ஓடி முடித்தால் அடுத்த படி. எங்கேயாவது கணினி உறைந்தால், வோல்டேஜில் 0.025 மட்டும் கூட்டி அதே வேகத்தில் மீண்டும் சோதியுங்கள். இந்த வேளையில் கணினியின் நினைவகமான ராமின் வேகத்தைத் தொடாதீர்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால், பிழை வரும்போது எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. என் ரைசன் 3600 போன்ற புராசசருக்கு எல்லாக் கோர்களுக்கும் சேர்த்து 1.30 வோல்ட்டுக்கு மேல் போவதில்லை என்று நான் எல்லை வகுத்துக்கொண்டிருக்கிறேன். இந்த எண் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஒரே பெயரில் வாங்கிய இரண்டு புராசசர்கள்கூட ஒரே வேகத்தை எட்டுவதில்லை, ஆகவே நண்பருக்குக் கிடைத்த வேகம் உங்களுக்குக் கிடைக்கவில்லை என்று வருந்தி வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள்.

கூட்டிய வோல்டேஜுக்கும் பயன் குறைந்து, வெப்பம் மட்டும் ஏறத் தொடங்கும் ஓர் இடம் எல்லாப் புராசசருக்கும் உண்டு. அந்த இடத்துக்கு வந்ததும், பெருக்கியில் ஒன்றோ இரண்டோ குறைத்து அங்கே நின்றுவிடுங்கள். பிறகு நீண்ட சோதனை. பிரைம்95 அல்லது ஓசிசிடி என்ற சோதனை மென்பொருளை ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும். இவை தாம் போடும் கணக்கின் விடை சரியா என்று தாமே சரிபார்த்துக்கொள்வதால், திரை உறையாவிட்டாலும் கோர் தவறு செய்தால் காட்டிக்கொடுத்துவிடும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைக் குறிக்கும் டபிள்யூஎச்இஏ என்று தொடங்கும் எச்சரிக்கைகள் பதிவாகியிருக்கின்றனவா என்றும் பாருங்கள். பதிவாகியிருந்தால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். இந்தச் சோதனையை விடியற்காலையில் செய்து மனநிறைவு அடையாதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்குச் செய்யுங்கள். குளிர்மாதத்தில்தான் செய்ய முடிகிறது என்றால், கிடைத்த உச்ச வெப்பத்தோடு 12 டிகிரி கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகை புராசசரின் வெப்ப வரம்புக்கு எட்டு பத்து டிகிரி கீழே இருக்க வேண்டும் என்பது நான் பின்பற்றும் கணக்கு. 95 டிகிரி வரம்புள்ள என் புராசசருக்கு மார்கழியில் 73 முதல் 75 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று இதற்குப் பொருள். 78-இல் மனநிறைவு அடைந்தது எவ்வளவு பெரிய பிழை என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு விளங்கியது.

ஏதோ ஒரு மாற்றத்துக்குப் பின் திரையே வராமல் போனால் பதற வேண்டாம். மின்இணைப்பை எடுத்துவிட்டு, மதர்போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்துப் பொருத்தினால், பயாஸ் தொழிற்சாலை தந்த அமைப்புகளுக்குத் திரும்பிவிடும்.

கடைசியாக, புதிய புராசசர் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இன்றைய புராசசர்கள் வெப்பத்தையும் மின்சாரத்தையும் பார்த்துத் தாமே வேகத்தைக் கூட்டிக் குறைக்கின்றன. தொழிற்சாலையிலேயே எல்லைக்கு மிக அருகில் கொண்டுவந்து விற்கப்படுகின்றன. ரைசன் 7000 வரிசையின் உயர்வகைப் புராசசர்கள் கடும் வேலையில் 95 டிகிரியில் நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டவை. அதிக வோல்டேஜ் என்ன செய்யும் என்பதற்கு 2024-இல் ஒரு சான்று கிடைத்தது: இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் புராசசர்கள் சில, மிகையான வோல்டேஜால் காலப்போக்கில் நிலைகுலைவது தெரியவந்து, அதைத் தடுக்கும் மைக்ரோகோடு (புராசசருக்குள் இயங்கும் கட்டளைத் தொகுப்பு) திருத்தம் ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. அந்தப் புராசசர் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் செய்வதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்; புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் மதர்போர்டு இயங்காமல் போகக்கூடும் என்பதால், யுபிஎஸ் இருக்கும்போது மட்டும் அதைச் செய்யுங்கள். இத்தகைய புதிய புராசசர்களில், மதுரையைப் பொறுத்தவரை, வேகத்தை ஏற்றுவதைவிட வோல்டேஜைக் குறைப்பதே நல்ல பலன் தருவதாக நான் கருதுகிறேன். ரைசன் 5000 முதல், வோல்டேஜைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி இருக்கிறது. அதில் கழித்தல் பக்கமாகப் பத்து வரை வைத்து, மேலே சொன்ன அதே சோதனைகளைச் செய்தால், புராசசர் குளிர்ந்து, அந்தக் குளிர்ச்சியால் கிடைத்த இடத்தில் தானே சற்று வேகமாகவும் ஓடும். ஓவர்கிளாக்கிங்கால் விளையும் சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று ஏஎம்டி தெளிவாகவே அறிவித்திருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெரும்பாலான மதர்போர்டுகளில் அமைப்புகளைப் பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளும் வசதி இருக்கிறது. என் பயாஸில் இப்போது இரண்டு உண்டு. ஒன்று 4.2 கிகாஹெர்ட்ஸ், 1.275 வோல்ட், மற்றொன்று எதையும் மாற்றாத, தொழிற்சாலை தந்த அமைப்பு. பங்குனி பிறந்ததும் இரண்டாவதை ஏற்றிவிடுகிறேன், ஐப்பசி மழை தொடங்கி அறை 30 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முதலாவதற்குத் திரும்புகிறேன். மாற்றிய தேதியையும் அன்றைய அறை வெப்பத்தையும் குறித்த ஒரு துண்டுத்தாள், கேபினெட்டின் பக்கக் கதவின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கிறது.